அனுப்பியவர் யார்?

(கோலா தெர்லாத் தேயிலைத் தோட்டத் தொழிலாளரிடையே ஆற்றிய உரை)



தேர்தல் காலத்தில் பெரட்டுக் களத்திலும் லயத்துச் சுவரிலும் துண்டறிக்கைகள் ஒட்டப்படுவதை நாம் நெடுநாளாகக் கண்டு வருகிறோம். அத்தாளின் அடிப்பகுதியைக் கூர்ந்து நோக்கியவர் நம்மிற் சிலரே. அச்சிட்டவர், வெளியிட்டவர் ஆகியோரின் பெயரும் முகவரியும் அதில் இருத்தல் வேண்டும் என்பது 1954ஆம் ஆண்டுத் தேர்தல் குற்றச் சட்டத்தின் விதி. அவையின்றி அச்சிடுதல் குற்றமாகும்.

இன்று அதே பிரசாரம் கைத்தொலைபேசியில் குறுஞ்செய்தியாக வருகிறது. அனுப்பியது கட்சியா, வேட்பாளரா, கூலி பெற்ற நிறுவனமா என்பது விளங்குவதில்லை. ஓர் எண் மட்டுமே தெரிகிறது. சட்டமோ தாளை மனத்திற்கொண்டு எழுதப்பட்டது. 1954இல் இக்கருவி ஏது?

பெயரை எழுத இடமில்லை என்பர் சிலர். அமெரிக்காவில் 2002ஆம் ஆண்டு இவ்வினா கூட்டரசுத் தேர்தல் ஆணையத்தின் முன் வந்தது. குறுஞ்செய்தியில் 160 எழுத்துகளே அடங்கும். ஆதலால் பேனா, சட்டையிற் குத்தும் சின்னம் போன்ற சிறு பொருள்களுக்குரிய விலக்கு இதற்கும் உண்டு என்று ஆணையம் கருத்துரைத்தது. தமிழிலோ ஒரு செய்திக்கு 70 இடங்களே. கொம்பும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படுவதால் 'தேர்தல்' என்னும் நான்கெழுத்துச் சொல்லே ஏழிடம் கொள்ளும்! ஆயினும் இச்சாக்கை நாம் ஏற்பதற்கில்லை. முகவரி அடங்காவிடினும் கட்சியின் பெயர் அடங்குமன்றோ? அதே அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம், பணம் கொடுத்து அனுப்பப்படும் அரசியல் குறுஞ்செய்தியில் கொடுத்தவர் யாரெனக் கூறவேண்டும் என்று 2019ஆம் ஆண்டில் சட்டம் இயற்றியது. இந்தியாவிலோ மொத்தமாக அனுப்பப்படும் அரசியல் குறுஞ்செய்திகளுக்குத் தேர்தல் ஆணையத்தின் முன்சான்று வேண்டும்.

இது மலைநாட்டு மக்களுக்கு அயலான செய்தியன்று. 2018 மே 9ஆம் நாள் நடைபெற்ற பொதுத்தேர்தலில் கேமரன் மலை நாடாளுமன்றத் தொகுதியின் வெற்றி 597 வாக்குகளில் முடிவாயிற்று. ஒரு சில லயங்களின் வாக்குகள், அவ்வளவே. வாக்காளர்க்குப் பணம் கொடுக்கப்பட்டதெனக் கண்ட தேர்தல் நீதிமன்றம் அதே ஆண்டு நவம்பரில் அவ்வெற்றியைச் செல்லாதென்றது. 2019 சனவரி 26இல் மக்கள் மீண்டும் வாக்களித்தனர். கையில் கொடுத்த பணத்தைக் கண்டவர் உண்டு, சாட்சி கூறலாம். பெயரற்ற செய்திக்குச் செலவிட்டவரை யார் கண்டார்? நாடாளுமன்ற வேட்பாளர் 200,000 வெள்ளிக்கும், சட்டமன்ற வேட்பாளர் 100,000 வெள்ளிக்கும் மேல் செலவிடலாகாது என்பது சட்டம். அநாமதேயச் செய்தியின் செலவு எவர் கணக்கில் ஏறும்?

அத்தகைய செய்தி வந்தால் அழித்துவிட வேண்டா. எண்ணும், நாளும், நேரமும் விளங்க அப்படியே வைத்திருந்து போலீஸ் நிலையத்தில் புகார் செய்யலாம். கருவியைக் கையாளத் தயங்கும் முதியவர்களுக்குத் தோட்டத்து இளைஞர்கள் துணை புரிக. பால்வெட்டுத் தோட்டங்களில் இதைப் படிக்கும் அன்பர்களுக்கும் இதுவே எங்கள் வேண்டுகோள். இன்னொன்று: பெயரற்ற செய்தியை நாம் அடுத்தவருக்கு அனுப்பிவிட்டால், அவர் காண்பது நம்முடைய எண்ணையே.