இரண்டாம் தரம்

(பெற்றோர் கூட்டத்தில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



2023 ஆகஸ்ட் 23ஆம் திகதி நான் லீவில் எனது ஊரான கிளிவெட்டிக்குப் போயிருந்தேன். அது திருகோணமலை மாவட்டத்தில் மூதூர்ப் பக்கம் உள்ள வயற்காரர் ஊர். சிறுபோக வெட்டுக் காலம். பின்னேரம் ஆறு மணிக்கு முந்தியே பெரியம்மா வீட்டு டிவிக்கு முன்னால் சனம் கூடிவிட்டது. வயலால் வந்தவர்கள் கால்கூடக் கழுவவில்லை. இந்தியாவின் சந்திரயான் 3 நிலாவில் இறங்கப் போகிறது!

பெரியம்மா கேட்டா: “போன முறை விழுந்துதானே போச்சு மகன்? திரும்பவும் ஏன் விடுறாங்கள்?”

அவ கேட்டது நியாயம். 2019 செப்டெம்பர் 7இல் சந்திரயான் 2இன் விக்ரம் கலம், தரைக்கு இரண்டு கிலோமீட்டர் அளவு இருக்கும்போது தொடர்பு அறுந்து விழுந்து நொறுங்கியது. அத்தோடு அவர்கள் விட்டுவிடவில்லை. எங்கே பிழைத்தது என்று தேடினார்கள். எஞ்சின்கள் எதிர்பார்த்ததை விடக் கூடுதலாக உந்தியிருந்தன. சின்னச் சின்னப் பிழைகள் சேர்ந்து பெரிதாகிவிட்டன. இறங்க ஒதுக்கிய இடமும் 500 மீட்டர் சதுரம் மட்டுமே. அடுத்த முறை 4 கிலோமீட்டர் நீளம், 2.4 கிலோமீட்டர் அகலமான இடம் ஒதுக்கினார்கள். கால்களைப் பலப்படுத்தினார்கள். எரிபொருளையும் கூட்டினார்கள்.

நான் பெரியம்மாவிடம் சொன்னேன்: “நான் ஓ.எல். கணக்கை இரண்டாம் தரம் எழுதச் சோதனைக் காசு கட்டினது நீங்கதானே?” அவ சிரிச்சா.

6.04க்குக் கலம் பத்திரமாக இறங்கியது. வீடே கைதட்டியது. நிலாவில் மெதுவாக இறங்கிய நாலாவது நாடு இந்தியா. தென்துருவப் பக்கத்தில் முதல் நாடு. நாலு நாளுக்கு முந்தி ரஷ்யாவின் லூனா 25 விழுந்து நொறுங்கியிருந்தது. பெரிய நாட்டுக்கும் பிழைக்கும்.

இந்த வேலைக்குத் திட்ட இயக்குநர் வீரமுத்துவேல். விழுப்புரத்து ரயில்வே ஊழியரின் மகன். முதலில் பாலிடெக்னிக்கில் டிப்ளோமா முடித்து, பிறகுதான் பொறியியலுக்குப் போனவர்.

இதை ஏன் சொல்கிறேன்? நம்ம தோட்டத்தில் கணக்குக்கு ‘டபிள்யூ’ வந்தால் அடுத்த கிழமையே பிள்ளையைக் கொழும்புக் கடைக்கு அனுப்பிவிடுகிறோம். வீட்டுக் கஷ்டம் எனக்குத் தெரியாததல்ல. ஆனாலும் ஒரு தரம் விழுந்ததோடு கதை முடியவில்லை. தனிப்பட்ட பரீட்சார்த்தியாகத் திரும்ப எழுதலாம். தொழிற்பயிற்சிக்கும் போகலாம்.

பிள்ளைக்கு ஏசாதீர்கள். எந்தப் பாடம், எந்த இடத்தில் பிழைத்தது என்று கேளுங்கள். பெறுபேற்றுத் தாளோடு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு என்னிடம் வாருங்கள். விண்ணப்பத்தைச் சேர்ந்தே நிரப்புவோம்.