தாய் வழி வந்ததா?
(நூற்றாண்டு விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



நூறாவது ஆண்டில் மகிழ்ச்சியான கதைகளையே சொல்லுங்கள் என்று சிலர் அன்பாகக் கேட்டார்கள். அவற்றை மதிய போசனத்தின்போது சொல்கிறோம். இப்போது எங்கள் வகுப்பில் இருந்த ஒருத்தியைப் பற்றி. அவள் சம்மதம் தந்திருக்கிறாள். இந்த உரையை வாசித்துத் திருத்தியும் தந்தாள். பெயர் மட்டும் வேண்டாம் என்றாள்.

1995 ஒக்டோபர் இடப்பெயர்வுக்குப் பின் கல்லூரி மீண்டும் கூடியபோது அவள் வந்தாள். அவளுடைய பேச்சு வரவில்லை. பரீட்சைத் தாளை வெறுமையாகக் கொடுப்பாள். அவளுடைய தாய்க்கு மனநோய் என்பது ஊருக்கே தெரியும். "தாயைப் போலத்தான்" என்றார்கள் பெரியவர்கள். நாங்களும் அதையே சொன்னோம். ஷெல் வீச்சில் தகப்பன் இறந்ததையும், சில மாதங்களுக்குள் மூன்று வீடு மாறியதையும், தாயையும் தம்பியையும் அவளே பார்த்துக்கொண்டதையும் நாங்கள் கணக்கில் எடுக்கவில்லை.

எங்களில் சிலர் பின்னர் மருத்துவமும் உளவியலும் படித்தோம். ஒரே கருவில் உருவான இரட்டையருக்கு மரபணுக்கள் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் ஒருவருக்கு மனச்சிதைவு நோய் வந்தால் மற்றவருக்கும் வருவது பாதிக்கும் குறைவான சோடிகளில்தான். பரம்பரைக்குப் பங்கு உண்டு. அது தனியே தீர்ப்பு எழுதுவதில்லை.

நியூசிலாந்தின் டனீடின் நகரில் 1972–73 இல் பிறந்த 1,037 பேரை ஆய்வாளர்கள் சிறுவயது முதல் பின்தொடர்ந்து வருகிறார்கள். செரட்டோனின் என்ற மூளை இரசாயனத்தோடு தொடர்புடைய ஒரு மரபணுவின் குட்டை வடிவம் உடையவர்கள், சிறுவயதில் கொடுமைக்கும் ஆளாகியிருந்தால், மனச்சோர்வுக்கு உள்ளாகும் வாய்ப்பு கூடுதல் என்று 2003 இல் அவர்கள் எழுதினார்கள். உலகமே கொண்டாடியது. பின்னர் மிகப் பெரிய தொகையினரிடம் சோதித்தபோது அந்த ஒற்றை மரபணுவின் கதை நிற்கவில்லை. மனச்சோர்வோடு தொடர்புடைய மரபணு வேறுபாடுகள் நூற்றுக்கணக்கானவை; ஒவ்வொன்றின் பங்கும் மிகச் சிறிது. ஆட்டங்காணாமல் நின்றது மற்றப் பாதிதான்: சிறுவயதில் அடி, புறக்கணிப்பு, இழப்பு என்பன கூடக்கூட, பிற்கால மனநோயின் வாய்ப்பும் கூடுகிறது.

நோயுற்ற தாயிடமிருந்து பிள்ளைக்கு மரபணு வருகிறது. அந்தத் தாய்க்கு மருந்தும் உதவியும் கிடைக்காவிட்டால், பிள்ளை தன்னைத் தானே வளர்க்க வேண்டிய வீடும் வருகிறது. இரண்டையும் பிரித்துக் காட்டுவது ஆய்வாளருக்கே கடினம். சம்பந்தம் பேசும்போது "குடும்பத்தில ஆருக்கும் ஏதும்...?" என்று குசுகுசுக்கும் எங்கள் மாமிமாருக்கு மட்டும் அது எப்படியோ எளிது! அந்தக் கேள்விக்குப் பயந்தே எத்தனை வீடுகளில் தாயை வைத்தியரிடம் காட்டாமல் விடுகிறோம்.

எங்கள் தோழிக்கு உதவியவர் நூலகத்துக்குப் பொறுப்பாக இருந்த ரீச்சர். ஒன்றும் துருவிக் கேட்கவில்லை. இடைவேளைதோறும் புத்தகங்களுக்கு இலக்கம் ஒட்டும் வேலையைக் கொடுத்தார். மாதங்கள் கழித்து அவள் முதலில் வாய் திறந்தது அவரிடம்தான். தாயை வைத்தியசாலைக்குக் கூட்டிச் சென்றவரும் அவரே.

இன்று கல்லூரியில் ஆலோசனை அறை இருக்கிறது, அதிபரின் அலுவலகத்தை ஒட்டி. உள்ளே போகிற பிள்ளையை முழு முற்றமும் பார்க்கிறது. அதை நூலகப் பக்கம் மாற்றித் தரும்படி சங்கத்திடம் எழுத்தில் கேட்டிருக்கிறோம். செலவில் எங்கள் ஆண்டினரும் பங்கேற்கிறோம்.