குறுங்கோடையும் குடைமிளகாயும்

(சென்ற ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

இம்மேடையில் ஆண்டுதோறும் குறளைப் பற்றியும் கம்பனைப் பற்றியும் கற்றறிந்தோர் பேசக் கேட்டு மகிழ்ந்திருக்கிறோம். அடியேன் பத்தாம் வகுப்பு மட்டும் தேறி, இரயில்வேயில் குமாஸ்தாவாகக் காலம் கழிப்பவன். இலக்கியம் பேசத் தகுதியில்லை. விவசாயக் கல்லூரியில் பயின்றவனுமல்லேன். செயலாளர் அவர்களோ, "உங்கள் குவார்ட்டர்ஸ் வாசலில் காய்க்கும் குடைமிளகாயைப் பற்றிப் பேசுங்கள்; காலனியில் பல வீடுகளில் அது காய்ப்பதில்லை" என்று கூறிவிட்டார். அந்தக் கட்டளையை ஏற்று இங்கு நிற்கிறேன்.

வடநாட்டார் இக்காயைச் 'சிம்லா மிர்ச்' என்று அழைக்கின்றனர். டில்லிச் சந்தையில் நம் ஊரின் பெயரைச் சொல்லித்தான் இதைக் கேட்டு வாங்க வேண்டும். ஆனால் சிம்லாவிலேயே வீட்டு வாசலில் வைத்துப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், இந்த ஊரின் பெயரைத் தாங்கிய காய் இந்த ஊரில் எவ்வளவு பிடிவாதம் செய்யும் என்பது. நமக்குக் கீழே சோலன் பள்ளத்தாக்குகளில் அது செழிப்பாக விளைகிறது. இங்கே ஏறிவந்ததும் முரண்டு பிடிக்கிறது.

என் மனைவி பரமக்குடிப் பக்கத்தில் மிளகாய் விளைவிக்கும் குடும்பத்தில் பிறந்தவள். முண்டு மிளகாய்க் கொல்லையில் ஓடி விளையாடி வளர்ந்தவள். மிளகாயும் குடைமிளகாயும் ஒரே இனத்தைச் சேர்ந்த செடிகளே. ஆகவே நாங்கள் இவ்வூருக்கு மாற்றலாகி வந்த முதலாண்டில், அவள் மிகுந்த நம்பிக்கையோடு, பாக்கெட்டின் மேல் இருந்த பெரிய காயின் படத்தைப் பார்த்து 'கலிபோர்னியா வொண்டர்' விதை வாங்கினாள். ஏப்ரலில் எண்ணெய் டின்களில் விதைத்தாள். முளைப்பதற்கே ஏறத்தாழ ஒரு மாதம் சென்றது. ஆகஸ்டு மழையில் பூத்தது, பூ உதிர்ந்தது. பிடித்த சில காய்களும் அழுகின. எஞ்சியவை அக்டோபரில் எலுமிச்சம்பழ அளவோடு நின்றுவிட்டன. மறு ஆண்டு சற்று முன்னதாகவே விதைத்தாள். பன்னிரண்டு செடிகளில் ஏழு காய்களே கிடைத்தன. அவற்றுள் இரண்டைக் குரங்கு கொண்டுபோயிற்று.

அன்றிரவு அவள், "மிளகாய்ச் செடிகூட வேர் பிடிக்காத ஊரில் நாம் எங்கே வேர் பிடிக்கப் போகிறோம்? மாற்றலுக்கு எழுதிப் போடுங்கள்" என்றாள். குளிரும், தனிமையும், பாஷை தெரியாமையும் எல்லாம் அந்தச் சொல்லில் இருந்தன. நான் மனு எழுதிக் கையொப்பமும் இட்டேன். ஆயினும் அனுப்புவதற்கு முன், செடி ஏன் காய்க்கவில்லை என்பதை அறிந்துகொள்ள விரும்பினேன். அதன் பயனே நான் இன்று கூறப் போகும் செய்தி.

முதலில் நம் ஊரின் நிலையைக் கவனிப்போம். கால்கா இரயில் நிலையம் கடல் மட்டத்திற்கு மேல் 656 மீட்டர். சிம்லா நிலையம் 2,076 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ ஆறரை டிகிரி குறையும். ஆகவே கால்காவைவிட நாம் ஒன்பது டிகிரி அளவு குளிர்ந்த இடத்தில் வாழ்கிறோம். குடைமிளகாயில் பூ காயாக மாறுவதற்கு இரவு வெப்பம் 16 முதல் 21 டிகிரி வரை இருப்பது நலம். 13 டிகிரிக்குக் கீழே இறங்கினால் மகரந்தம் வீரியம் குன்றும், பூ உதிரும், உதிராவிடில் விதையற்ற சப்பைக் காய்கள் தோன்றும். நம் ஊரில் ஏப்ரல் இரவுகள் ஏறத்தாழ 10 டிகிரி. மே மாதத்தில் 14. ஜூன், ஜூலையில்தான் 16-ஐ எட்டுகின்றன. செப்டம்பரில் மீண்டும் 14, அக்டோபரில் 11. இடையே ஜூன் கடைசி அல்லது ஜூலைத் தொடக்கம் முதல் செப்டம்பர் நடுப்பகுதி வரை மழை. ஆகவே செடிக்கு வெயிலும் இதமான இரவும் ஒருங்கே கிடைக்கும் காலம் ஜூன் மாதம் ஒன்றுதான் என்று சொல்லலாம். அந்த ஜூனில் எந்த வகை பூத்துப் பிஞ்சு பிடிக்கிறதோ, அதுவே நமக்கு ஏற்ற வகை.

இரண்டாவது, விதைப் பாக்கெட்டில் அச்சிட்டுள்ள நாட்கணக்கு. '75 நாள்' என்றிருந்தால் அது விதைத்த நாளிலிருந்து அன்று; நாற்றைப் பிடுங்கி நட்ட நாளிலிருந்து. அதுவும் பச்சைக் காய்க்குரிய கணக்கு. சிவந்து பழுக்க மேலும் இரண்டு முதல் நான்கு வாரம் தேவை. மேலும் அக்கணக்கு வெப்பமான ஊர்களில் போடப்பட்டது. இதை நம் தொழிலிலிருந்தே விளக்கலாம். சமவெளியில் 96 கிலோமீட்டரை விரைவு வண்டி ஒன்றரை மணியில் கடந்துவிடும். கால்காவிலிருந்து சிம்லாவுக்கும் 96 கிலோமீட்டர்தான். நம் சிறிய வண்டிக்கு ஐந்து மணி நேரம் ஆகிறது. அதற்காக வண்டியை யாரும் குறை கூறுவதில்லை, பாதை அத்தகையது. சமவெளியின் கால அட்டவணையை வைத்துக்கொண்டு மலை வண்டிக்குக் காத்திருப்பவரே தவறு செய்தவர். என் குறிப்பேட்டின்படி, பாக்கெட்டில் கண்ட நாளோடு மூன்றில் ஒரு பங்கு கூட்டினால் நம் வாசலுக்குரிய கணக்கு வருகிறது.

இதைக் கொண்டு கலிபோர்னியா வொண்டரைப் பாருங்கள். 1928-ஆம் ஆண்டு முதல் புகழ்பெற்ற அருமையான வகை. நான்கு பக்கமும் தடித்த சதையும் உடையது. 75 நாள் நம் ஊரில் 100 நாள் ஆகும். மே 15-இல் நட்டால் முதல் காய் ஆகஸ்டு 23-ஆம் தேதியளவில் வரும். அதுவோ கடும் மழை. 60 நாள் வகையானால் 80 நாள். ஆகஸ்டு முதல் வாரத்திலேயே பறிக்கலாம். அதன் பிஞ்சுகள் ஜூன் வெயிலிலேயே பிடித்துவிடுகின்றன. வேறுபாடு மூன்று வாரம்தான். நம் கோடைக்கு அந்த மூன்று வாரமே உயிர்நாடி.

மூன்றாவது, காயின் வடிவம். பெரிய, தடித்த, சதுரமான காய் நிரம்புவதற்கு நாள் அதிகம் பிடிக்கும். நீண்டு கூம்பிய, சதை மெல்லிய காய் விரைவில் நிரம்பும். சதுரக் காயின் தோள்பட்டைக் குழியில் மழைநீர் தேங்கும். கூம்பிய காயில் அது பெரும்பாலும் வழிந்துவிடும். குளிர்நாடுகளில் பெயர் பெற்ற வகைகளைக் கேட்டால் இது விளங்கும். அமெரிக்காவில் 1981-இல் பரிசு பெற்ற 'ஜிப்ஸி', 2006-இல் பரிசு பெற்ற 'கார்மன்' ஆகிய இரண்டும் கூம்பு வடிவக் காய்கள். ஏறத்தாழ 60 நாளில் பறிப்புக்கு வருபவை. 'ஏஸ்' என்னும் ஒட்டு வகை குடை வடிவாயினும் சிறியது. 50 நாளில் பச்சைக் காய் தருவது. இவ்விதைகள் கைக்கு எட்டாவிடினும் கவலையில்லை. பெயரைத் தேடாமல் இலக்கணத்தைத் தேடுங்கள்: நாள் குறைவு, காய் சிறிது, சதை மெலிது. சண்டிகரில் ஒரு விதைக் கடையில் இவ்விலக்கணத்தைச் சொல்லி வாங்கிய நீளக்காய் வகையே என் மனைவிக்கு மூன்றாம் ஆண்டில் கைகொடுத்தது. குடை வடிவமே வேண்டும் என்பவர்கள், சோலனுக்கு அருகே நௌனியில் 1985 முதல் இயங்கும் தோட்டக்கலைப் பல்கலைக்கழகத்தில் விசாரித்து, அங்கே உருவாக்கிய 'சோலன் பர்பூர்' போன்ற மலைநாட்டு வகைகளை முயன்று பார்க்கலாம்.

வகையைத் தேர்ந்தபின் செய்ய வேண்டியவை சிலவே. மார்ச் தொடக்கத்தில் சமையலறையின் கதகதப்பில் விதையுங்கள். மண் 25 டிகிரியில் இருந்தால் எட்டு நாளில் முளைக்கும். 15 டிகிரியில் 25 நாளாகும். மே நடுவில், தெற்கு நோக்கிய கல்சுவரின் ஓரத்தில் நடுங்கள். பகலில் சூடேறிய கல் இரவில் அச்சூட்டைத் திரும்பத் தரும். செடிக்கடியில் பைன் ஊசியிலைகளைப் பரப்புங்கள். மழைத்துளி மண்ணைத் தெறித்துக் காய் அழுகலைப் பரப்பாது. எருவை அள்ளிக் கொட்டாதீர்கள். இலை பெருகும், காய் வராது. முதல் காய்களைப் பச்சையிலேயே பறித்தால் அடுத்த காய்கள் விரைந்து வரும். குரங்குக்குக் கம்பி வலையைத் தவிர வேறு மருந்து நான் கண்டதில்லை.

ஓர் எச்சரிக்கை. எங்கள் வீட்டில் குடைமிளகாய்க்கு அருகிலேயே முண்டு மிளகாயும் பூத்திருந்தது. அவ்வாண்டுக் காய்கள் இனிப்பாகவே இருந்தன. அவற்றின் விதையைச் சேமித்து மறு ஆண்டு நட்டோம். விருந்துக்கு வந்த மேலதிகாரி ஒரு துண்டைக் கடித்துவிட்டுக் கண்ணீர் மல்க அமர்ந்திருந்தார்! தேனீக்கள் மகரந்தத்தை மாற்றிவிட்டிருந்தன. காரத் தன்மை கலப்பில் மேலோங்கி நிற்கும். ஆகவே விதை எடுக்க விரும்புவோர் காரமிளகாயைத் தொலைவில் வையுங்கள். ஒட்டு வகையில் எடுத்த விதை தாயைப் போல வராது என்பதையும் மறவாதீர்கள்.

நண்பர்களே! மூன்றாம் ஆண்டு ஆகஸ்டு முதல் வாரத்தில் என் மனைவி ஒரு கூடை காயைப் பறித்து வந்து, ஒன்றும் பேசாமல் மேசைமேல் வைத்தாள். அன்று மாலை அடுத்த வீட்டுப் பஞ்சாபி அம்மையாருக்கும் எதிர்வீட்டு மலைநாட்டுக் குடும்பத்திற்கும் பகிர்ந்து கொடுத்தாள். அந்த அம்மையார் வைத்துச் செய்த ஆலு அடைத்த மிர்ச்சி எங்கள் வீட்டிற்கு வந்தது. எங்கள் சாம்பார் அங்கே சென்றது. பாஷையும் அவ்வழியே வந்து சேர்ந்தது. இந்த வசந்தத்தில் அவள் வளர்த்த நாற்றுகள் காலனியில் ஒன்பது வீடுகளுக்குப் போயின. இன்று நீங்கள் விருந்தில் உண்ட பொரியல் அச்செடிகளின் காயே.

மண் நம்மை ஏற்கவில்லை என்று நாங்கள் எண்ணியது பிழை. மண்ணின் மேலும் குற்றமில்லை. அவள் கைமேலும் குற்றமில்லை. இங்குள்ள கோடையின் நீளத்தை அளந்து பார்க்காமல் படத்தைப் பார்த்து விதை வாங்கினோம், அவ்வளவே. விதை வாங்கச் செல்லுமுன் நம் இரவின் குளிரையும் கோடையின் நாளையும் ஒரு தாளில் குறித்து எடுத்துச் செல்லுங்கள்.

அந்த மாற்றல் மனு என் இழுப்பறையில் இன்னும் இருக்கிறது. கையொப்பம் உண்டு, தேதி இடவில்லை. அதைப் பற்றி என் மனைவி கேட்டு நான்கு ஆண்டுகளாகின்றன.