பதிவேட்டில் இல்லாத பெயர்கள்



கல்லூரியில் சேரும்போது கேட்கப்படும் மதிப்பெண், மாணவரின் பின்னாளைய வெற்றியை முன்னறிவிக்குமா? இதைப் பற்றிப் பேச வந்துள்ளோம்.

கிண்டிப் பொறியியற் கல்லூரியை எடுத்துக்கொள்வோம். 1984இல் வந்த நுழைவுத் தேர்வு 2007இல் நீங்கியது. அதன்பின் கணிதத்திற்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200க்குத் தரவரிசை வகுத்தனர். அளவுகோல் மாறியது, வரிசையும் மாறியது. பிள்ளைகளின் அறிவா ஓரிரவில் மாறிற்று? மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் பணம் கட்டித் தனிப்பயிற்சி பெற்றவரும், ஒற்றை விளக்கின்கீழ் தம்பி தங்கையரோடு படித்தவரும் ஒரே பட்டியலில்தான் நின்றனர்.

மதிப்பெண் பொய்யென்று நாம் சொல்லவில்லை. தேர்வு மதிப்பெண் முதலாண்டு முடிவை ஓரளவு முன்னுணர்த்துகிறது என்று கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் குழு 2020இல் கண்டது. ஆயினும் இத்தகைய கணக்கெல்லாம் உள்ளே விடப்பட்டவரைப் பற்றியவையே. திருப்பி அனுப்பப்பட்டவர் படித்திருந்தால் என்ன ஆகியிருப்பார் என்பதற்குக் கணக்கேது? ஆந்திரப் பொறியியல் கல்லூரிகளை ஆராய்ந்து 2016இல் வெளியான ஆய்வு, இட ஒதுக்கீட்டால் நல்ல கல்லூரி புகுந்தவர் அதனாலேயே படிப்பில் இடர்ப்பட்டார் என்பதற்குச் சான்றில்லை என்றது.

நம் அடையாற்றை அடுத்துள்ள ஐ.ஐ.டி.யில் ஒரு வழி உண்டு. தேர்வில் சற்றே குறைந்த தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவர்க்கு ஓராண்டு ஆயத்தப் படிப்பு. அதில் தேறினால் மறுபடி நுழைவுத் தேர்வின்றி இடம். அங்கே குறைந்த மதிப்பெண், என்ன உதவி தேவை என்பதைச் சொல்லும் குறிப்பாகிறது.

நாமோ? பல்லாண்டுகள் உதவித்தொகையை மதிப்பெண் வரிசைப்படியே வழங்கினோம். குறைந்தவரை “அடுத்த ஆண்டு பார்ப்போம்” என்று அனுப்பினோம். உதவி பெற்றவர் பெயரெல்லாம் பதிவேட்டில் உண்டு. அனுப்பப்பட்டவர் பெயர் ஒன்றுகூட இல்லை. நம் தேர்வு சரியானதென்று நாமே சொல்லி மகிழ்ந்தோம். மாற்றிச் சொல்லத்தான் அங்கே ஒருவரும் இல்லையே!

ஆகவே புதிய பதிவேடு திறந்துள்ளோம். விண்ணப்பித்த அனைவரும் அதில் இடம்பெறுவர். தமிழ்வழியில் படித்தவரா, குடும்பத்தின் முதல் பட்டதாரியா, மாலையில் வேலைக்குச் செல்பவரா, தங்குவது வீட்டிலா விடுதியிலா என்றும் கேட்போம். தமிழ்வழியில் வந்தவர்க்குக் கணிதமும் ஆங்கிலமும் கல்லூரி திறக்குமுன்பே சொல்லித்தர, நம் மூத்த மாணவர் சிலர் ஒப்பியுள்ளனர்.

முதற்பருவ முடிவு வந்ததும் மதிப்பெண் தாளோடு சங்கத்துக்கு வாருங்கள். தாள் நிலுவை வைத்தவர் கூச்சப்பட்டு ஒதுங்க வேண்டா. முதல் நாற்காலி அவருக்கே போடப்பட்டிருக்கும்.