ஆரம்பப் பிரிவில் பிள்ளைக்கேற்ற கற்பித்தலும் டிஜிட்டல் கருவிகளும்

(நூற்றாண்டு நிகழ்வுகளையொட்டி நடைபெற்ற ஆரம்பப் பிரிவுக் கருத்தரங்கில், உயர்தர அணி ஒன்றின் சார்பில் வைத்தியரான பழைய மாணவி ஆற்றிய உரை)



எங்கள் அணியில் மூவர் வைத்தியர்கள், நால்வர் ஆசிரியைகள், ஒருவர் கணினித் துறையில் இருப்பவர். நூற்றாண்டு நிதியில் ஒரு பங்கை ஆரம்பப் பிரிவுக்கு எப்படிச் செலவிடலாம் என்று சங்கம் எங்களைக் கேட்டது. அதற்காகத் தரம் 3, தரம் 4 வகுப்புகளில் சில நாட்கள் பின்வாங்கில் இருந்து பார்த்தோம். ஒரு வகுப்பில் 38 பிள்ளைகள். ஒருத்தி பத்திரிகைத் தலைப்பைத் தடங்கலின்றி வாசிக்கிறாள். அவளுக்கு இரண்டு வாங்கு தள்ளி இருப்பவளுக்கு ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் இன்னும் ஒன்றுதான். இருவருக்கும் அன்று ஒரே பந்தி, ஒரே நேரம், ஒரே வினா. முதலாமவள் ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டு அழிறப்பரைத் துண்டு துண்டாக வெட்டிக்கொண்டிருந்தாள். மற்றவள் பக்கத்துக் கொப்பியைப் பார்த்து அழகாக எழுதிவைத்தாள். திருத்தும்போது இரண்டுக்கும் சரி அடையாளம்தான் விழும்.

வைத்தியர்களுக்கு இது விளங்காத விடயமல்ல. எட்டு வயதுப் பிள்ளைகள் இருவர் காய்ச்சலோடு வருகிறார்கள். ஒருவருக்கு 18 கிலோ, மற்றவருக்கு 30 கிலோ. பரசிட்டமோலை ஒரு தடவைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்று கணக்கிட்டால் ஒருவருக்கு 270, மற்றவருக்கு 450. வயது ஒன்றுதானே என்று ஒரே அளவைக் கொடுப்பதில்லை. ஆனால் எங்களுக்கு இருக்கும் வசதி, ஒரு நேரத்தில் ஒரு நோயாளி. ஆசிரியைக்கு 38 பேரும் ஒரே நேரத்தில். அதனால் “ஒவ்வொரு பிள்ளைக்கும் ஏற்றபடி கற்பியுங்கள்” என்று மேடையில் நின்று சொல்லிவிட்டுப் போக எங்களுக்கு மனமில்லை. அமெரிக்கக் கல்வியியலாளர் கரோல் ஆன் டொம்லின்சன் இதைப்பற்றி 1999இலேயே நூல் எழுதினார். உள்ளடக்கத்தை மாற்றலாம், கற்கும் வழியை மாற்றலாம், பிள்ளை தன் விளக்கத்தைக் காட்டும் விதத்தை மாற்றலாம் என்பது அவர் கருத்து. நல்ல கருத்துத்தான். அந்த 38 கொப்பிகளையும் யார் தயாரிப்பது என்பதுதான் கேள்வி.

கருவிகள் இந்த இடத்தில்தான் உதவ வேண்டும். கருவி வந்தால் எல்லாம் வந்துவிடும் என்ற நினைப்புக்கு 2020 மார்ச் மாதம் நல்ல பதில் தந்தது. பாடசாலைகள் மூடப்பட்டன, வட்ஸ்அப்பும் சூமும் வீட்டுக்குள் வந்தன. வந்தது என்ன? கரும்பலகையில் எழுதிய அதே பாடம், படமாக, அதே 38 பேருக்கும். தகப்பனின் கைத்தொலைபேசி இரவில்தான் வீட்டுக்கு வரும் என்ற பிள்ளைக்கு அதுவும் இல்லை. டிஜிட்டல் வந்தது, பிள்ளைக்கேற்ற கற்பித்தல் வரவில்லை. வகுப்புக்கொரு ஸ்மார்ட் போர்ட் பூட்டலாம் என்ற யோசனையை நாங்கள் ஆதரிக்காததற்கும் இதுவே காரணம். பெரிய திரை பார்க்க வடிவாக இருக்கும், நன்கொடையாளர் பெயரும் தெளிவாகத் தெரியும். ஆனால் அதுவும் எல்லோருக்கும் ஒன்றையே காட்டும்.

எங்களுக்குப் பிடித்த கருவி மிகச் சிறியது: குரல் பதிவு. ஆசிரியை தன் சொந்தக் குரலில் பாடப் பந்தியை ஆறுதலாக வாசித்துப் பதிவுசெய்கிறார். வாசிக்கத் தடுமாறும் ஆறு பேர் காதில் ஹெட்போனோடு, எழுத்தை விரலால் தொட்டபடி, வேண்டிய தடவை கேட்கிறார்கள். அந்த நேரம் ஆசிரியை வேறொரு குழுவோடு இருக்கலாம். மாத முடிவில் பிள்ளை ஒரு நிமிடம் வாசிப்பதைப் பதிவுசெய்து, போன மாதப் பதிவோடு சேர்த்து அம்மாவுக்குப் போட்டுக்காட்டலாம். முன்னேற்ற அறிக்கையில் உள்ள புள்ளியைவிட அது தாய்க்குக் கூடுதலாக விளங்கும்.

கதைகளுக்கு, பிரதம் புக்ஸ் நிறுவனத்தின் ஸ்டோரிவீவர் தளத்தில் நான்கு வாசிப்பு மட்டங்களில் தமிழ்ப் புத்தகங்கள் இலவசமாக உண்டு. கூகிளின் ரீட் அலோங் செயலி பிள்ளை உரத்து வாசிப்பதைக் கேட்டுத் திருத்தும். அதிலும் தமிழ் உண்டு. இரண்டிலும் ஒரு கவனம் வேண்டும். எங்கள் பிள்ளைக்குக் கதிரை தெரியும், நாற்காலி புத்தகத்துச் சொல். எங்கள் வாயில் ‘காற்று’ ஒலிப்பதுபோல் சென்னையில் ஒலிப்பதில்லை. சரியாக வாசித்த பிள்ளைக்குச் செயலி பிழை சொன்னால், “நீ சொன்னதுதான் சரி” என்று சொல்ல ஆசிரியை பக்கத்தில் இருக்கவேண்டும்.

இதற்கு ஆதாரமும் உண்டு. 2015இல் டெல்லியில் 6 முதல் 9ஆம் வகுப்பு வரையான மாணவர்களிடம் மைண்ட்ஸ்பார்க் என்ற மென்பொருளைச் சோதித்தார்கள். ஆறாம் வகுப்பு மாணவர் கணிதத்தில் சராசரியாக ஏறத்தாழ இரண்டரை வகுப்பு பின்தங்கியிருந்தனர். மென்பொருள் ஒவ்வொருவரையும் அவர் நின்ற படியிலிருந்தே தொடங்கியது. நான்கரை மாதத்தில் நல்ல முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் அந்தத் தொண்ணூறு நிமிடத்தில் திரைக்கு 45 நிமிடம்தான். மற்ற 45 நிமிடமும் ஒரு ஆள் சிறு குழுவோடு இருந்தார். வாங்குபவர்கள் மென்பொருளைப் பார்ப்பார்கள், அந்த ஆளைப் பார்க்கமாட்டார்கள்.

பெற்றோர் கோபித்தாலும் ஒன்றைச் சொல்லவேண்டும். டெப் வந்த மறுமாதமே தரம் 5 புலமைப்பரிசில் கடந்தகால வினாத்தாள்கள் அதற்குள் ஏறிவிடும். பிறகு அது ஏற்கெனவே ஓடும் பிள்ளையை இன்னும் ஓடச் செய்யும் கருவிதான். ஆகவே தரம் 1 முதல் 4 வரை மட்டும் தொடங்குவோம் என்கிறோம்.

பின்தங்கிய பிள்ளைக்கு எந்தச் செயலியையும் கொடுக்குமுன் கண்ணையும் காதையும் பாருங்கள். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் பாடசாலை மருத்துவப் பரிசோதனை தரம் 1இலும் 4இலும் நடக்கிறது. இடையில் மூன்று வருடம் நீண்ட காலம். அதனால் வருடாவருடம் முதலாம் தவணையில் பார்வை, செவிப்புலன் பரிசோதனையை எங்கள் அணி வைத்தியர்கள் பொறுப்பேற்கிறோம். எழுத்தே மங்கலாகத் தெரியும் பிள்ளையை “மெல்லக் கற்பவர்” குழுவில் போடுவது அநியாயம். குழுக்களுக்கு ரோசா, மல்லிகை என்று பெயர் வைத்தாலும் எது கெட்டிக்காரர் குழு என்று இரண்டு நாளில் பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள். குழுக்களைப் பாடத்துக்குப் பாடம் மாற்றுங்கள்.

எங்கள் வேண்டுகோள் இதுதான். 12 டெப்களும் ஹெட்போன்களும் ஒரு தொகுதி. எல்லா வகுப்பும் முறைவைத்துப் பாவிக்கட்டும். மிகுதிப் பணத்தில் இரண்டு வருடத்துக்கு ஒரு உதவி ஆசிரியைக்குச் சம்பளம். கதைகளையும் பதிவுகளையும் முன்கூட்டியே இறக்கி வைத்தால் டேட்டாச் செலவு குறையும். கடைசியாக ஒன்று: டெப் வைக்கும் அலுமாரித் திறப்பு அலுவலகத்தில் தொங்கக்கூடாது, வகுப்பாசிரியையின் கையில் இருக்கவேண்டும். உடைந்தால் திருத்தித் தருவது எங்கள் பொறுப்பு.