சீவாளியைத் தேடிய சாக்சபோன்



பழந்தமிழ்ப் பாணர் யாழைச் சுமந்து ஊர்தோறும் சென்றனர். பரிசில் பெற்று மீள்பவன், பெறாதவனுக்கு வழி கூறுவதை ஆற்றுப்படை என்றனர் நம் முன்னோர். பத்தாண்டு நிறைவு காணும் இவ்விலக்கிய வட்டத்தின் விழாவில், இருபதாம் நூற்றாண்டில் கண்டங்கள் கடந்து நடந்த ஒரு பாணரின் வாழ்க்கையை நினைத்துப் பார்ப்பது பொருத்தமாகும். அவர் கையில் இருந்தது சாக்சபோன். அவர் பெயர் சார்லி மரியானோ.

1923-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் நாள் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், இத்தாலியிலிருந்து குடியேறிய பெற்றோர்க்கு மகனாகப் பிறந்தார் மரியானோ. இரண்டாம் உலகப் போரின்போது படையில் பணிபுரிந்தார். போருக்குப் பின், பிற்காலத்தில் பெர்க்லி இசைக் கல்லூரி எனப் பெயர்பெற்ற நிறுவனத்தில் பயின்றார். சார்லி பார்க்கர் வகுத்த புதிய ஜாஸ் நெறியில் உருவான தலைமுறை அவருடையது. 1953-இல் ஸ்டான் கென்டனின் பேரிசைக் குழுவில் சேர்ந்தார். 1963-இல் சார்லஸ் மிங்கஸ் உருவாக்கிய ‘தி பிளாக் செயின்ட் அண்ட் தி சின்னர் லேடி’ என்னும் இசைத்தட்டில் ஒலிக்கும் அவரது ஆல்ட்டோ சாக்சபோன், அழுகைக்கும் அறைகூவலுக்கும் இடையே நிற்கும் மனிதக் குரலை ஒத்தது.

ஜப்பானியப் பியானோ கலைஞர் தோஷிகோ அகியோஷியை 1959-இல் மணந்த மரியானோ, ஜப்பானிலும் வாழ்ந்தார். 1965 முதல் 1971 வரை பெர்க்லியில் ஆசிரியராக விளங்கினார். புகழும் பதவியும் வந்து சேர்ந்த இக்காலத்தில்தான் திருப்பம் நேர்ந்தது. 1960-களின் பிற்பகுதியில் மலேசிய வானொலியின் இசைக்குழுவுக்குப் பயிற்சியளிக்கக் கோலாலம்பூர் சென்றவர், அங்கே நாகசுரத்தைக் கேட்டார்.

தோட்டத் தொழிலுக்காகக் கடல் கடந்த தமிழர் மலேசிய மண்ணில் கோயில் எழுப்பினர். கோயிலோடு நாகசுரமும் தவிலும் சென்றன. ஊர் பெயர்ந்த கருவியை ஊர் பெயர்ந்த கலைஞர் ஒருவர் எதிர்கொண்டார் எனலாம். கற்பிக்கச் சென்ற நாட்டில் கற்கத் தொடங்கினார். வயது நாற்பதைக் கடந்திருந்தது. பின்னர் தென்னிந்தியாவுக்கே வந்து தங்கிப் பயின்றார்.

அம்முயற்சியின் கடுமையை உணர இரு கருவிகளையும் ஒப்பிட வேண்டும். சாக்சபோன் பித்தளைக் குழல். விரலால் அழுத்தும் விசைகளே அதன் துளைகளைத் திறந்து மூடுகின்றன. ஊதுவாயில் பொருத்திய ஒற்றை நாக்கு அதிர்ந்து ஒலி தருகிறது. நாகசுரமோ மரக்குழல். விசைகள் இல்லை; ஏழு துளைகளின்மேல் விரல்களே நேராக அமர்கின்றன. இரட்டை நாக்குடைய சீவாளியை உதடுகள் கவ்வ, மூச்சின் அழுத்தமும் உதட்டின் நெகிழ்வும் கமகத்தை உருவாக்குகின்றன. உதட்டால் சுரத்தை வளைப்பது ஜாஸ் கலைஞர்க்குப் புதியதன்று. ஆனால் அவர் பழகிய கற்பனை, மாறிக்கொண்டே செல்லும் சுரக்கூட்டுகளின்மேல் தாவிச் செல்வது. இராக ஆலாபனையோ மாறாத ஒரே சுருதியின்மேல் நின்று விரிவது. ஆகவே கைப்பழக்கத்தோடு சிந்தனைப் பழக்கத்தையும் அவர் மாற்ற வேண்டியிருந்தது. தேர்ந்த கலைஞர் ஒருவர் மீண்டும் தொடக்க மாணவரானார்.

1971-இல் ஐரோப்பாவுக்குப் பெயர்ந்து, பின்னர் ஜெர்மனியின் கொலோன் நகரில் நிலைகொண்டார். எம்ப்ரியோ குழுவின் 1973-ஆம் ஆண்டு இசைத்தட்டிலும், எபர்ஹார்ட் வெபரின் ‘யெல்லோ ஃபீல்ட்ஸ்’ என்னும் 1975-ஆம் ஆண்டுப் பதிவிலும் மரியானோ நாகசுரம் வாசித்தார். கோயில் முற்றத்தின் கருவி ஐரோப்பிய ஜாஸ் பதிவுகளில் ஒலித்தது.

எனினும் அவர் பெற்ற பரிசில் யாது என்பதைக் காட்டுவது 1983-இல் பதிவான ‘ஜோதி’. பெங்களூரைச் சேர்ந்த கர்நாடகா காலேஜ் ஆஃப் பெர்கஷன் குழுவினருடன் இணைந்த படைப்பு இது. ஆர். ஏ. இராமாமணி பாட, டி. ஏ. எஸ். மணி மிருதங்கம் வாசிக்க, கடமும் கஞ்சிராவும் சேர்கின்றன. நாகசுரத்தைக் காட்டி வியப்பூட்ட இதனினும் ஏற்ற மேடை வேறில்லை. மரியானோ அங்கே அதை எடுக்கவில்லை. சாக்சபோனையும் குழலையுமே ஊதினார். பாடகியின் குரல் நின்ற இடத்தில் அவரது சாக்சபோன் தொடங்குகையில், ஒரு சுரத்திலிருந்து மறு சுரத்துக்கு வழுக்கிச் செல்லும் நடையில் சீவாளியின் பயிற்சி கேட்கிறது. கருவி மறைந்து, கல்வி நிலைத்தது.

எதிர்த்திசையில் நடந்தவரும் உண்டு. நாகசுரக் கலைஞரின் மகனாகப் பிறந்த கத்ரி கோபால்நாத் (1949–2019), மைசூர் அரண்மனை வாத்தியக் குழுவில் சாக்சபோனைக் கேட்டு அதனைத் தழுவி, கருநாடக இசைக்கு இசைவித்தார். 1994-இல் வந்த ‘டூயட்’ திரைப்படத்தின் சாக்சபோன் இசையால் தமிழகம் முழுவதும் அவரை அறிந்தது. ஒருவர் சாக்சபோனிலிருந்து நாகசுரத்துக்கும், மற்றவர் நாகசுர மரபிலிருந்து சாக்சபோனுக்கும் சென்றனர். இருவரும் குறுக்குவழி தேடவில்லை.

கவிஞர்கள் நிறைந்த இவ்வவைக்கு இதில் ஒரு செய்தி உண்டு. 1916-இல் பாரதியார் ‘சுதேசமித்திரன்’ இதழில் ஜப்பானியக் கவிதையை அறிமுகம் செய்தார். பின்னர் ஹைக்கூ தமிழில் பெருகியது. மூன்று வரியாக மடித்ததெல்லாம் ஹைக்கூ என்னும் நிலையும் உடன் வந்தது. வடிவத்தை எடுப்பது எளிது. அதன் மூச்சைப் பயில்வது அரிது. அயல்மரபின் முன் ஆண்டுக்கணக்கில் மாணவனாய் இருந்தவனுக்கு, அம்மரபின் சின்னங்களை அணிந்து திரியும் தேவை இராது. தன் மொழியில் எழுதும் எளிய வரியிலும் அது இருக்கும்.

2009-ஆம் ஆண்டு ஜூன் 16-ஆம் நாள் கொலோனில் மரியானோ மறைந்தார். அவர் விட்டுச்சென்ற ஆற்றுப்படை இசைத்தட்டுகளில் உள்ளது. வழி கேட்கும் இளங்கவிஞர் முதலில் ‘ஜோதி’யைக் கேட்கலாம்.