ஐந்து செய்திகளும் ஐந்து கருத்துகளும்



குழந்தைகளுக்கு நம் நாட்டைப் பற்றிச் சொல்லித் தரவேண்டும் என்று பெரியோர் கூறுவது வழக்கம். நாட்டைப் பற்றிக் குழந்தைகள் என்ன கருதுகிறார்கள் என்று கேட்பது அத்துணை வழக்கமன்று. அண்மையில் அதைக் கேட்கும் வாய்ப்பு நமக்கு வாய்த்தது. கேட்டபின் நாம் செய்த ஒரு பிழையையும் சேர்த்தே இங்கே சொல்ல விரும்புகிறோம்.

தில்லியில் ஐந்தாம் வகுப்புப் படிக்கும் நம் பெயர்த்திக்கு ஆசிரியை ஒரு வேலை கொடுத்திருந்தார். நம் நாட்டைப் பற்றிச் சுவையான செய்திகள் ஐந்து எழுத வேண்டும்; ஒவ்வொன்றின் கீழும் தன் கருத்தையும் எழுத வேண்டும். செய்திகளுக்கு அவள் நம்மிடம் வந்தாள். கருத்துகளுக்கு வரவில்லை.

முதலில் ஒரு ரயில் வண்டியைப் பற்றிச் சொன்னோம். அஸ்ஸாமிலுள்ள திப்ரூகரிலிருந்து கன்னியாகுமரிக்கு 2011-ஆம் ஆண்டில் ஒரு வண்டி விடப்பட்டது. அது நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. பயணத்துக்கு மூன்று நாட்களுக்கு மேல் ஆகிறது. தூரத்தைக் கேட்டு அவள் வியப்பாள் என்று எதிர்பார்த்தோம். அவளோ சற்று யோசித்து, "தாத்தா, அந்த வண்டியில் வரும் ஒரு பிள்ளைக்கு நடுவழியில் பிறந்தநாள் வந்தால் எந்த ஊரில் கொண்டாடுவார்கள்?" என்று கேட்டாள். அதையே கருத்தாகவும் எழுதினாள்: "பிறந்தநாள் வருகிற பிள்ளைக்கு அந்த வண்டியில் எல்லோரும் பாட வேண்டும். ஏனென்றால் ஒவ்வொருவருக்கும் ஒரு மொழியில் பாட்டுத் தெரியும்."

இரண்டாவதாக மேகாலயத்து மழையைச் சொன்னோம். சிரபுஞ்சியில் 1860 ஆகஸ்டு முதல் 1861 ஜூலை வரை, ஓராண்டுக் காலத்தில், 26,461 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. அத்தனை நீரும் ஓரிடத்தில் தேங்கி நின்றிருக்குமாயின் ஏறத்தாழ எட்டு மாடிக் கட்டடத்தின் உயரம் இருக்கும். ஆயினும் அது நிற்பதில்லை. மண் மெல்லியது, சரிவோ செங்குத்தானது. மழை நீர் பெரும்பாலும் கீழேயுள்ள சமவெளிக்கு ஓடிவிடுகிறது. ஆகவே குளிர்காலத்தில் அவ்வூர் மக்கள் குடிநீருக்கு ஊற்றுகளைத் தேடி நடக்க வேண்டியிருக்கிறது. அவள் எழுதிய கருத்து இது: "மழை அதிகம் பெய்கிற ஊர் என்று மட்டும் எழுதினால் பாதிதான் உண்மை. தண்ணீருக்குக் குடம் தூக்கிப் போகிறவர் அதைப் படித்தால் நம்மைப் பார்த்துச் சிரிப்பார்."

மூன்றாவது, கடிகாரத்தைப் பற்றியது. நாட்டின் கிழக்கு எல்லைக்கும் மேற்கு எல்லைக்கும் இடையே கதிரவன் எழுவதில் ஏறத்தாழ இரண்டு மணி நேர வேறுபாடு உண்டு. எனினும் நாடு முழுவதற்கும் ஒரே நேரம். மிர்சாப்பூர் அருகே செல்லும் 82½ பாகைத் தீர்க்க ரேகையை ஒட்டி 1906-ஆம் ஆண்டில் அது வகுக்கப்பட்டது. பம்பாய் நகரம் 1955 வரை தன் பழைய நேரத்தையும் விடாமல் வைத்திருந்தது. அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களில் கடிகாரத்தை ஒரு மணி முன்னதாக வைத்துக்கொள்ளும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. பெயர்த்தியின் கருத்து: "எல்லோருக்கும் ஒரே மணி இருப்பது நல்லதுதான். ஆனால் அருணாசலப் பிரதேசத்துப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து விளையாடுவதற்குள் இருட்டிவிடும். அவர்களுக்கு மட்டும் முன்பே மணி அடித்துவிடலாம்." இவ்விஷயம் பற்றிப் பெரியவர்கள் பல ஆண்டுகளாக விவாதித்து வருகிறார்கள். விளையாட்டைக் கணக்கில் சேர்த்துப் பேசியவர் எத்தனை பேரோ!

நான்காவதாக ஒரு கணக்கைச் சொன்னோம். 1802-இல் சென்னைப் பரங்கிமலையருகே லாம்டன் என்ற ஆங்கிலேயர் ஒரு நேர்கோட்டை அளந்து தொடங்கிய நில அளவை, முக்கோணம் முக்கோணமாக வடக்கே சென்று இமயத்தை எட்டியது. நூறு மைலுக்கு அப்பாலிருந்து கருவிகளால் நோக்கிய நோக்குகளைக் கொண்டு, ஒரு சிகரத்தின் உயரம் 29,002 அடி என்று கணித்து 1856-இல் வெளியிட்டார்கள். இன்றைய அளவீட்டுக்கும் அதற்கும் ஏறத்தாழ முப்பது அடியே வேறுபாடு. சிகரம் நேபாள, திபெத் எல்லையில் நிற்பது. கணக்கோ இந்தியாவில் நடந்தது. அக்கணக்கில் தலையாய பங்கு கல்கத்தாவைச் சேர்ந்த ராதாநாத் சிக்தாருடையது. எனினும் 1865-இல் மலைக்கு இடப்பட்ட பெயர், அளவைத் துறையின் முன்னாள் தலைவர் எவரெஸ்டின் பெயர்.

"சிக்தார் பெயரை வைத்திருக்க வேண்டும் என்றுதானே எழுதப்போகிறாய்?" என்று கேட்டோம். "இல்லை தாத்தா. திபெத்துக்காரர்கள் அதற்கு முன்பே சோமோலுங்மா என்று பெயர் வைத்திருக்கிறார்களே. மலைக்கு அந்தப் பெயரே போதும். கணக்குப் போட்டவர் பெயர் எங்கள் கணக்குப் புத்தகத்தில் இருக்க வேண்டும்" என்றாள். நம் நாட்டவர் பெயர் விடுபட்டதே என்று நாம் கொண்ட மனக்குறை, அவள் சொன்ன நியாயத்தின் முன் சற்றுச் சிறுத்துத்தான் போயிற்று.

ஐந்தாவது செய்திக்கு ஒரு ரூபாய் நோட்டை எடுத்து அவள் கையில் கொடுத்தோம். முன்பக்கத்தில் இந்தியும் ஆங்கிலமும்; பின்பக்கத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாகப் பதினைந்து மொழிகள். ஆங்கில அகரவரிசைப்படி அமைந்த அப்பட்டியலில் தமிழ் பதின்மூன்றாவது. "ஒரு சிறிய காகிதத்தில் இத்தனை மொழிகள்! இதைவிடச் சுவையான செய்தி உண்டா?" என்றோம். அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் 22 மொழிகள் இருப்பதையும் பெருமையோடு கூறினோம். அங்கேதான் வந்தது வினை.

அவள் விரல்விட்டு எண்ணினாள். பின்பக்கம் பதினைந்து, இந்தி ஒன்று, ஆகப் பதினாறு. மீதி ஆறு எங்கே? போடோ, டோக்ரி, மைதிலி, மணிப்புரி, சந்தாலி, சிந்தி ஆகியவை நோட்டில் இல்லை. "இடம் போதாதம்மா" என்றோம். "எழுத்தைச் சிறிதாக்கலாமே" என்றாள். பிறகு நோட்டுப் புத்தகத்தில் எழுதினாள்: "என் பக்கத்தில் உட்காருகிறவள் வீட்டில் மைதிலி பேசுகிறாள். நான் இதை வகுப்பில் பெருமையாகப் படித்தால் அவள் நோட்டில் தன் மொழியைத் தேடுவாள். அது இருக்காது. அதனால் இது எனக்குப் பாதிதான் பிடித்திருக்கிறது."

நாம் செய்த பிழை இதுதான். "சுவையான செய்தி கேட்டால் குறையை எழுதலாமா? நாட்டைப் பற்றி நல்லதாக எழுது" என்றோம். அவள் வாதாடவில்லை. ரப்பரால் அழித்துவிட்டு, "இது எனக்குப் பெருமையாக இருக்கிறது" என்று எழுதிப் புத்தகத்தை மூடினாள்.

மறுநாள் காலை அப்புத்தகத்தைத் திறந்து பார்த்தோம். முதல் நான்கு கருத்துகளிலும் ஒரு குழந்தை பேசியது. ஐந்தாவதில் பேசியவர் நாம். அழித்த இடத்தில் காகிதம் சற்றே தேய்ந்து, பென்சிலின் பழைய தடம் தெரிந்துகொண்டிருந்தது.

அப்போது அந்த அட்டவணையின் வரலாறே நமக்கு நினைவுக்கு வந்தது. 1950-இல் அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது அதிலிருந்த மொழிகள் பதினான்கே. 1967-இல் சிந்தி சேர்ந்தது. 1992-இல் கொங்கணி, மணிப்புரி, நேபாளி ஆகிய மூன்றும் சேர்ந்தன. அவற்றுள் கொங்கணியும் நேபாளியும் ரூபாய் நோட்டிலும் ஏறின, மணிப்புரி ஏறவில்லை. 2003-இல் நிறைவேறிய திருத்தத்தால் போடோ, டோக்ரி, மைதிலி, சந்தாலி ஆகிய நான்கும் சேர்ந்தன. இவை தாமாக வந்து சேர்ந்தனவா? "எங்கள் மொழி எங்கே?" என்று மக்கள் கேட்டார்கள், கேட்டுக்கொண்டே இருந்தார்கள். நாம் பெருமையோடு சொன்ன இருபத்திரண்டு என்ற எண், அவ்வாறு கேட்டவர்களால் வளர்ந்த எண் அன்றோ! அதே கேள்வியைப் பத்து வயதுச் சிறுமி ஒருத்தி கேட்டபோது நாம் அவள் கையில் ரப்பரைக் கொடுத்தோம்.

நாட்டின் நீளமும் அகலமும் உயரமும் செய்திகள். அவற்றை எவரும் மனப்பாடம் செய்துவிடலாம். அச்செய்திக்குள் இருக்கும் மனிதர் யார், விடுபட்டவர் யார் என்று பார்ப்பது கருத்து. ரயிலில் பிறந்தநாள் காணும் பிள்ளையையும், குடம் தூக்கி நடப்பவரையும், பக்கத்து இருக்கைத் தோழியையும் நினைக்கும் உள்ளம் நாட்டைப் பழிக்கும் உள்ளமாகாது. அவர்கள் எல்லோரையும் தன்னவராகக் கருதுவதாலேயே அது கேட்கிறது.

பள்ளிக்குக் கிளம்புமுன் பெயர்த்தியை அழைத்து, "நீ முதலில் எழுதியதுதான் சரி. தாத்தா சொன்னது தவறு" என்றோம். அவள் நம்மை ஐயத்தோடு பார்த்தாள். பிறகு பென்சிலை எடுத்து, தேய்ந்த இடத்திலேயே அழுத்தி எழுதினாள். பழைய வாசகம் முழுவதும் திரும்பி வந்தது. ஒரு வரி மட்டும் புதிதாகச் சேர்ந்தது: "அடுத்த நோட்டு அச்சடிக்கும்போது பார்க்கலாம்."

உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் நம் நாட்டைப் பற்றிய செய்திகளைச் சொல்லுங்கள். சொன்னபின் சிறிது நேரம் பேசாதிருங்கள். அவர்கள் கூறுவது உங்களுக்கு உவப்பாக இல்லாவிடினும் அதை அழிக்கச் சொல்லாதீர்கள்.